இடக்கைத் துவக்கு

லக்சிகா துவக்கு வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவளுடைய தாய் தேவமலர் கேட்டது ஒன்றுதான்.

"தனியவோ போறாய்?"

"ஓம். கடைக்குத்தானே அம்மா."

"உனக்கு விலை பேசத் தெரியாது. நானும் வாறன்."

"துவக்குக் கடையிலை விலை பேசேலாது அம்மா."

"ஏன், அவங்கள் சுட்டுப் போடுவாங்களோ?"

லக்சிகாவுக்கு முப்பத்து நான்கு வயது. பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே உள்ள ஒரு மரக்கன்றுப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். பனி விழுந்து புல் மூடிப்போகும் மாதங்களில் முயல்கள் பண்ணைக்குள் புகுந்து இளம் ஆப்பிள் கன்றுகளின் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிடும். அப்படிக் கடிபட்ட கன்று அடுத்த வசந்தத்தில் துளிர்ப்பதில்லை. அதைப் பார்க்க வந்த வேட்டைக்காரர்களோடு பேசப் பேச அவளுக்கு அந்த உலகத்தின் மேல் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஜெர்மனியில் வேட்டையாட ஒரு பரீட்சை எழுத வேண்டும். விலங்குகளின் நோய்கள், சட்டம், மரங்கள், நாய் வளர்ப்பு, கடைசியில் சுடுதல் என்று அது நீளும். வேலை முடிந்த மாலைகளில் படித்தாள். "முயல் சுட எட்டு மாசம் படிச்ச ஒரே யாழ்ப்பாணத்து ஆள் நீதான்" என்று தேவமலர் சொல்லிச் சிரித்தார். பாஸ் பண்ணிய அன்று கேசரி கிண்டியவரும் அவர்தான்.

ஆனால் பரீட்சையில் தேறிவிட்டதாலேயே யாரும் வேட்டைக்குக் கூப்பிட்டுவிடுவதில்லை. பண்ணையைச் சுற்றியுள்ள நிலத்தின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் பிராக்மன் என்ற விவசாயி. நவம்பரில் அவர் ஒரு கூட்டு வேட்டை நடத்துவார். போன வருடம் லக்சிகா அதில் தடியோடு பற்றைகளைத் தட்டி முயல்களை எழுப்பிவிடும் வரிசையில் நடந்தாள். இந்த வருடம் துவக்கோடு நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. கோடையில் இரவல் துவக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு பிராக்மன் முன்னால், பயிற்சிக்காக வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டாள். தட்டுகள் பெரும்பாலும் முழுசாகவே போய்ப் புல்லில் விழுந்தன.

பிராக்மன் கோபப்படவில்லை. "செத்த முயலைச் சமைக்கலாம். காயம்பட்ட முயல் பற்றைக்குள் கிடந்து துடிக்கும். அதை நான் என் நிலத்தில் விடமாட்டேன்" என்றார். "இரவல் துவக்கில் பழகாதே. உனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு வா. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பாதித் தட்டாவது உடைந்தால் நவம்பரில் உனக்கு இடம் உண்டு. இல்லையென்றால் இந்த வருடமும் தடிதான்."

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமைதான் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள்.

கடை ஊருக்கு வெளியே ஒரு டயர்க் கடைக்கும் பூனை, நாய்ச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே எண்ணெயும் தோலும் கலந்த மணம். சுவர் முழுக்கத் துவக்குகள் நிமிர்ந்து நின்றன. தேவமலர் வாசலில் ஒரு கணம் நின்று எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னம்மா, பயமோ?"

"துவக்கெண்டால் பாத்துப் பாத்துச் சலிச்சவள் நான். விலைச்சீட்டுத் தொங்க இப்பதான் பாக்கிறன்."

கடைக்காரி ஹோல்ட்கம்ப், ஐம்பது வயதைத் தாண்டிய, நரைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண். துவக்குகளைச் செப்பனிடுகிற தொழிலும் அவருடையதுதான். லக்சிகா தனக்கு வேண்டியதை ஜெர்மனில் சொன்னாள்: முயலுக்கும், ஃபசான் என்கிற காட்டுக்கோழிக்கும், எப்போதாவது வாத்துக்கும். பெரிய விலை கொடுக்க முடியாது. பழையது என்றாலும் பரவாயில்லை.

ஹோல்ட்கம்ப் முதலில் எடுத்துக் காட்டியது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல் வைத்த பழைய துவக்கு. வாதுமைக் கட்டையில் பூவேலை. விலைச்சீட்டைப் பார்த்ததும் தேவமலரின் முகம் மலர்ந்தது.

"இவ்வளவு வடிவான சாமான் ஏன் இவ்வளவு மலிவு? கேள்."

லக்சிகா கேட்டாள். இப்போது எல்லோரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் வைத்ததையே கேட்கிறார்கள், அதனால் இவை விலை போவதில்லை என்றார் ஹோல்ட்கம்ப். பிறகு, "நீங்கள் வேட்டையாடும் இடத்தில் தண்ணீர் உண்டா?" என்று கேட்டார்.

"ஓர் ஓடை இருக்கிறது. ஈரப் புல்வெளியும் உண்டு."

"அப்படியென்றால் இது வேண்டாம்." நீர்நிலைகளின் அருகே ஈயக் குண்டுகளைச் சுட இப்போது தடை. அதற்குப் பதிலாக வந்த இரும்புக் குண்டுகள் கடினமானவை. முனையில் ஒடுங்கிய இந்தப் பழைய குழல்கள் அவற்றைத் தாங்கும் என்று அவர் உறுதி சொல்லமாட்டார். இரும்புக் குண்டுக்காகச் சோதிக்கப்பட்ட குழல்களில் ஒரு சின்ன லில்லிப்பூ முத்திரை இருக்கும் என்று வேறொன்றைத் திருப்பிக் காட்டினார். லக்சிகா குனிந்து பார்த்தாள். அரிசி அளவில் ஒரு பூ.

அடுத்தது துருக்கியில் செய்த புதுத் துவக்கு. பூ முத்திரை இருந்தது, விலையும் எட்டியது. லக்சிகா அதை வலத்தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள்.

"எங்கே குறி வைக்கிறீர்கள்?"

"அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலைக்கு."

ஹோல்ட்கம்ப் அவளுக்குப் பின்னால் வந்து நின்று குழலின் நேரே பார்த்தார். "நீங்கள் மானைப் பார்க்கிறீர்கள். துவக்கு அதற்கு இடப்பக்கத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறது. களிமண் தட்டைச் சுடும்போது குண்டு எந்தப் பக்கத்தால் தவறுகிறது?"

லக்சிகா யோசித்தாள். "இடப்பக்கத்தால் என்று சொன்னார்கள். எப்போதும்."

துவக்கை வாங்கி வைத்துவிட்டு ஹோல்ட்கம்ப் அவளை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அந்த ஓட்டைக்குள்ளால் எதிரே நின்ற தன்னுடைய மூக்கைப் பார்க்கச் சொன்னார். லக்சிகா பார்த்தாள். கடைக்காரி சிரித்தார்.

"எனக்கு உங்கள் இடக்கண் தெரிகிறது. உங்கள் பார்வையை நடத்துவது அதுதான். வலத்தோளில் வைத்து இடக்கண்ணால் பார்த்தால் தட்டு எப்படி உடையும்? நீங்கள் பிறவியிலேயே வலக்கைப் பழக்கமா?"

"ஆமாம்" என்றாள் லக்சிகா.

"என்ன கேக்கிறா?" தேவமலருக்கு ஜெர்மன் விளங்கும். ஆனால் மகள் கூட இருந்தால் விளங்காதது போல் இருப்பார்.

"நான் எப்பவும் வலக்கையோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டன்."

"ஏன் மனிசியிட்டைப் பொய் சொல்லுறாய்?"

"என்ன பொய்?"

"நீ இடக்கையெல்லே. நான்தான் மாத்தினனான்." தேவமலர் இதைப் பெருமையோடுதான் சொன்னார். "சோறு பீச்சாங்கையாலை. பென்சில் பீச்சாங்கையாலை. ஐயர் விபூதி தந்தாலும் பீச்சாங்கையை நீட்டுவாய். சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. பிறகு இடக்கைக்குக் கையுறை போட்டு விட்டனான்."

"கையுறையோ?"

"பனிக்குப் போடுறது. சிவப்பு. சாப்பிடேக்கையும் எழுதேக்கையும் போட்டு விடுவன். மே மாசத்திலையும் போட்டனான். ஒரு வருசத்திலை வலக்கை பழகிட்டுது."

லக்சிகா தாயையே பார்த்தாள். அந்தச் சிவப்புக் கையுறை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அம்மா, அது எனக்குத் தோல் வருத்தம் இருந்ததாலையெல்லே போட்டது? நொய்ரோடெர்மிட்டிஸ்?"

"அது கிண்டர்கார்டன் ரீச்சருக்குச் சொன்னது. ஏன் பிள்ளைக்குக் கையுறை எண்டு கேட்டா. தோல் வருத்தம் எண்டு சொன்னன். என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?"

"அப்ப எனக்குத் தோல் வருத்தம் இருக்கேல்லையோ?"

"உனக்கொரு மண்ணும் இருக்கேல்லை."

லக்சிகா தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருடமாக ஒவ்வொரு புது டொக்டரிடமும் அவள் அந்த வருத்தத்தைச் சொல்லி வந்திருக்கிறாள். வாசனையில்லாத சோப்புத்தான் வாங்குவாள். கம்பளி நூல் உடலில் பட விடுவதில்லை. பண்ணையில் மற்றவர்கள் வெறுங்கையால் மண் அள்ளும்போது அவள் பருத்தி உறை தேடுவாள். யாரும் அவளைக் கேலி செய்ததில்லை. வருத்தக்காரி என்று விட்டுவிடுவார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ? நல்லாத்தானே வந்திருக்கிறாய். எல்லாம் வலக்கையாலைதானே செய்யிறாய்?"

அது முழு உண்மையில்லை என்று லக்சிகாவுக்கு அப்போதுதான் பட்டது. கிளை வெட்டும் கத்திரி, மண்வெட்டி, போத்தல் மூடி. யாரும் சொல்லித் தராதவற்றை எல்லாம் எந்தக் கை செய்கிறது என்று ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஹோல்ட்கம்புக்கு ஜெர்மனில் விளக்கினாள். அவர் நெடுநேரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தேவமலரைப் பார்த்து, "மே மாதத்திலுமா?" என்று கேட்டார்.

"ஜூனிலும்" என்றார் தேவமலர் தெளிவான ஜெர்மனில்.

கடைக்காரி பின்னறைக்குள் போய் ஒரு துவக்கைக் கொண்டுவந்தார். இத்தாலியில் செய்தது, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல். பூ முத்திரை இருந்தது. கட்டையில் இரண்டு கீறல். துவக்கின் கட்டை நேராக இருப்பதில்லை, முகத்தை விட்டு ஒரு பக்கம் சற்றே வளைந்திருக்கும் என்று விளக்கினார். மற்றவை எல்லாம் வலத்துக்கு வளைந்தவை. இது இடத்துக்கு. இடக்கைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. வலக்கைக்காரருக்கு உதவாது, கட்டையை மாற்றினால் செலவு. அதனால் பழைய இருகுழலை விடக் கொஞ்சம்தான் கூட.

லக்சிகா அதை இடத்தோளில் வைத்தாள். உடம்பு அந்நியமாக நின்றது, கால்கள் எங்கே போவது என்று தெரியாமல் மாறின. ஆனால் கன்னம் சாய்ந்ததும் குழலின் முனை மானின் மூக்கில் போய் இருந்தது. தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை.

"கடிகாரத்தையா பார்க்கிறது?"

"இல்லை" என்றார் ஹோல்ட்கம்ப். "மானைத்தான்."

தேவமலர் துவக்கின் கீறல்களை விரலால் தடவினார். "பீச்சாங்கைச் சாமான், கீறலும் கிடக்கு. இன்னும் குறைக்கச் சொல்லு."

"அம்மா!"

"நீ சொல்லாட்டி நான் சொல்லுறன்." அவர் சொல்லியும் விட்டார். விலை குறையவில்லை. ஆனால் ஹோல்ட்கம்ப் சனிக்கிழமைக்கு இரவலாகக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். சரிவந்தால் திங்கட்கிழமை காசு, இல்லையென்றால் துவக்கு. வாங்க முடிவு செய்தால் ஒரு பெட்டித் தோட்டா இலவசம்.

"சீலையை உடுத்துப் பாத்துத் திருப்பிக் குடுக்கிற மாதிரியெல்லே இருக்கு" என்று தேவமலர் வியந்தார். "எங்கடை கடைக்காரர் விடமாட்டினம்."

சனிக்கிழமை காலை சுடும் திடலில் மெல்லிய மூடுபனி. லக்சிகா வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் குண்டில்லாத துவக்கை இடத்தோளுக்கு ஏற்றி இறக்கிப் பழகியிருந்தாள். பிராக்மன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி பின்னால் நின்றார். தேவமலர் வேலிக்கு அப்பால், காதுக்கு உறை மாட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தட்டு உடையாமல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதற்கு அவள் விசையை இழுக்கவேயில்லை; வலக்கை பழக்கத்தில் விசையைத் தேடி வந்துவிட்டது. அடுத்ததில் இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு தட்டை மட்டும் பார்த்தாள். அது வானத்தில் கறுப்புத் தூசாகப் போயிற்று.

"பட்டிட்டுது!" என்று வேலியிலிருந்து சத்தம். காதுறை போட்டவர்கள் எல்லோரையும் போல் தேவமலரும் தேவைக்கு மேல் கத்தினார்.

அதன் பிறகு சில உடைந்தன, சில தப்பின. ஒரு விசயத்தை லக்சிகாவே கவனித்தாள். இடப்பக்கம் பறந்த தட்டுகள் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாதியில் விட்டுவிட்டன. வலத்துக்குப் பறந்தவை கிட்டத்தட்ட எல்லாம் உடைந்தன. கடைசித் தட்டுக்கு முன் பிராக்மன் எண்ணிக்கையைச் சொன்னார். அதை உடைத்தால் பாதி. உடைக்காவிட்டால் பாதிக்கு ஒன்று குறைவு.

அது இடத்துக்குப் பறந்தது. அவள் சுட்டாள். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

லக்சிகா துவக்கை மடித்துச் சுட்டு முடிந்த தோட்டாக்கூடுகளை எடுத்தாள். தேவமலர் காதுறையைக் கழற்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்னவாம்? காணாதாமோ?"

"ஒண்டு குறைவு."

"ஒண்டுதானே! கேட்டுப் பாப்பம்."

"இதுக்கு விலை பேசேலாது அம்மா."

பிராக்மன் இன்னும் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலப்பக்கம் போனதில் எத்தனை விட்டாய்?"

"ஒன்று. முதலாவது."

"என் ஆட்கள் எல்லோரும் வலக்கைக்காரர்" என்றார் அவர். "வலக்கைக்காரனுக்கு உடம்பு இடத்துக்குத்தான் நன்றாகத் திரும்பும். வலத்தில் கொஞ்சத்தோடு பூட்டிக்கொள்ளும். ஓடைக்கரையில் ஒரு மூலை இருக்கிறது. அங்கே ஃபசான்கள் எழும்பி வலத்துக்கே போகும். வருடா வருடம் அங்கே நிற்கிறவன் அரைகுறையாய்ச் சுட்டுவிடுவான், நாங்கள் காயம்பட்ட பறவையைத் தேடி இருட்டும் வரை நாயோடு அலைவோம்." அவர் கொஞ்சம் யோசித்தார். "பாதி என்று சொன்னேன். பாதி வரவில்லை. அதனால் முயலுக்குச் சுடக் கூடாது. இடத்துக்குப் போகும் பறவைக்கும் கூடாது. அந்த மூலையில் நின்று வலத்துக்குப் போவதை மட்டும் சுடுவதாய் இருந்தால் வா."

"என்ன சொல்லுறார்?" என்றார் தேவமலர், விளங்கிய முகத்தோடு.

லக்சிகா பிராக்மனைப் பார்த்துச் சம்மதமாகத் தலையாட்டினாள். பிராக்மன் சப்பாத்து நுனியால் ஈரமண்ணில் ஓடையைக் கோடாக இழுத்து, அதன் முடிவில் ஒரு புள்ளி வைத்தார். அவள் குண்டில்லாத துவக்கோடு போய் அந்தப் புள்ளியில் நின்றாள். பறவை எழும் இடத்தை அவர் கையால் காட்டினார். அவள் இடுப்பிலிருந்து வலத்துக்குத் திரும்பத் தொடங்கினாள். குழலின் முனை வேலியைத் தாண்டி, கார்களைத் தாண்டிப் போக, உடம்பு எங்கே நிற்கும் என்று பார்த்தபடி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தாள்.