அலமாரிக்கு ஒரு நேர்காணல்

ஆரம்பசூரர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் இந்த அதிகாரியைத்தான் தலைவராக்க வேண்டும். கம்பெனிக்கு ஆள் எடுப்பது அவர் வேலை. வீட்டில் அவர் எடுத்ததெல்லாம் பாதியில் நின்ற பொழுதுபோக்குகள். படுக்கையறை அலமாரியைத் திறந்தால் கிடார், தொலைநோக்கி, ஸ்கேட்டிங் ஷூ, கல்லாய்ப் போன பெயின்ட் டியூப் எல்லாம் தலையில் விழும்.

அந்த அலமாரி அவர் மனைவிக்கு அவசரமாக வேண்டும். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். இடமில்லாமல் சாப்பாட்டு மேசையில் வைத்த பட்டுத்துணியில் போன மாதம் காபி கொட்டிவிட்டது. அவளுக்கு ஆர்டர் கொடுக்கும் துணிக்கடைக்காரி நாளை நேரில் பார்க்க வருகிறாள். துணி வைக்க ஒழுங்கான இடம் இருந்தால் பெரிய ஆர்டர். இல்லையென்றால் இருக்கிற ஆர்டரும் போச்சு.

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுறேன். ஆனா கண்டவங்க கையில கொடுக்க மாட்டேன்" என்றார்.

ஓசியில் கொடுப்பதற்கும் நேர்காணல் வைத்த மகானுபாவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அக்கம்பக்கத்தில் சொல்லி அனுப்பிவிட்டு, கூடத்தில் மேசையும் எதிரே நாற்காலியும் போட்டார். மகளுக்குக் கிடார் கேட்டு மாடிவீட்டு நர்ஸ் வந்தாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"நைட் டூட்டியிலதான் சார்."

லட்சியம் போதாது என்று அனுப்பிவிட்டார். அடுத்து வந்த பஸ் டிரைவர், பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டத் தொலைநோக்கி கேட்டார்.

"நிலா மட்டும்தானா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். ஆர்வம் குறைவு என்று அவரும் கழிக்கப்பட்டார். தான் அதே கருவியில் நிலாவைப் பிடிக்க முடியாமல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது அதிகாரிக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

பொழுது சாய்ந்தது. அலமாரியில் ஒரு தூசிகூட நகரவில்லை. மனைவி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன?"

"நானும் கேக்க வந்திருக்கேன். அலமாரி வேணும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "முறைப்படி கேளுங்க" என்றாள்.

"சரி. முன் அனுபவம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே. இதே தையல் மெஷின்ல."

"ஏன் உங்களுக்கே கொடுக்கணும்?"

"நீங்க காலே நுழைக்காத ஷூவுக்கு இந்த வீட்ல ஒரு தட்டு இருக்கு. தினம் சோறு போடுற என் வேலைக்குச் சாப்பாட்டு மேசை ஓரம்தான்."

எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே மடக்கியவர் அதிகாரி. இன்று அவரே மடங்கிப்போனார். வெட்கமாக இருந்தது. போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார். "தொலைநோக்கியை வந்து எடுத்துக்குங்க. நிலா போதும்." கிடாரை அவரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மிச்சத்தையெல்லாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் வைத்தார்.

திரும்பி வந்தபோது அவள் அளவு நாடாவோடு காலி அலமாரிக்குள் பாதி நுழைந்திருந்தாள்.

"எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்றார் அசடு வழிய.

நாடாவின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பிடிங்க. இதையாவது பாதியில விட்டுடாதீங்க."