முழங்கால் தண்ணீர்

பரிபூரணத்துக்குக் கடல்மேல் ஆசை வந்தது திருச்செந்தூரில். சாமி கும்பிடப் போய் வந்த ஆசை இல்லை, பந்தோபஸ்துக்குப் போய் வந்தது. சஷ்டிக் கூட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அனுப்பிய பெண் போலீசாரில் அவளும் ஒருத்தி. காக்கியும் லத்தியுமாய், கூட்டத்துக்கு முகத்தையும் கடலுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு பகல் முழுக்க நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் அம்புட்டுத் தண்ணீர் கிடந்து இரைகிறது, திரும்பிப் பார்க்கக் கூடாதாம்! தேவதானத்துத் தோட்டக் கிணற்றில் நடை பழகும் முன்னே நீச்சல் பழகியவளுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ஒரு நாள் இந்தக் கடலுக்குள் இறங்காமல் விடுவதில்லை.

தூத்துக்குடியில் வருஷா வருஷம் தை மாதம் கடல் நீச்சல் போட்டி என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. புருஷன் அஸ்ஸாமில் பட்டாளத்தில் இருந்தார். 'செய்' என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார், அவர் மகராசன். ஊர்தான் வாயை மூடவில்லை. ராஜபாளையத்து டெய்லரிடம் கொடுத்து முழங்கால்வரை கால்சட்டையும் கையுள்ள பனியனும் தைத்து வாங்கிய சேதி அவளுக்கு முன்னால் தேவதானம் போய்ச் சேர்ந்தது. "போலீசா இருந்தா மட்டும் என்ன, பொம்பள பொம்பளதான?" என்று கடைவாசலில் சொன்னவர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ஐயாதுரை. அவள் அந்தக் கால்சட்டையைத் துவைத்து, தெருவைப் பார்த்த கொடியிலேயே காயப்போட்டாள்.

போட்டிக்குப் பெயர் கொடுப்பது லேசு இல்லை. நிறைந்த நீர்நிலையில் ஐந்து மணி நேரம் விடாமல் நீந்தியதற்கு நீச்சல் சங்கத்து நடுவர் கையெழுத்துப் போட வேண்டும். கரை, பரிசல், மனுசன் எதையும் தொடக் கூடாது. முடிக்கும்போதும் அவளாகத்தான் ஏறி வர வேண்டும், உடம்பில் எந்த இடமாவது தண்ணீரில் இருக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சரி, நீந்தலாம். தண்ணீர் எங்கே? மூன்று வருஷமாய்ப் பிளவக்கல் அணையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த மூன்று வருஷமும் அவள் கிணற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நீந்தினாள். தொண்ணூற்று மூன்றில்தான் மழை மனது வைத்து அணை நிறைந்தது. நிறைந்தால் சும்மா விடுவார்களா? வத்திராயிருப்பு வயல்களுக்கு மடை திறக்க நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின ஒரே ஒரு நாளைத்தான் பொதுப்பணித் துறை அவளுக்குக் கொடுத்தது. பெயர் கொடுக்கவும் அந்த வாரமே கடைசி.

மார்கழிக் காலையில், உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் எலும்பைத் தொட்டது. பரிசலில் நடுவர் நம்பி, மப்ளருக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியர், விதி என்றால் விதி என்கிற மனுசர். பரிசல் தள்ளியவர் மீன் பிடிக்கிற மாரிச்சாமி. அணைக்கரைக்கும் எதிர்ப் பாறைக்கும் நடுவே போய்ப் போய் வர வேண்டும்.

முதல் தடவையிலேயே கூத்து நடந்தது. அவள் நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டிருக்க, மாரிச்சாமி கத்தினார்.

"ஏ தாயி, எங்க வட்டம் போடுதிய? கெணறுன்னு நெனப்பா?"

தலையைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் இருக்க வேண்டிய பாறை வலப்பக்கம் இருந்தது. கிணற்றில் பம்புக் குழாயை விட்டு ஒதுங்கி இடப்பக்கமாகவே சுற்றிப் பழகிய உடம்பு, அணைக்குள்ளும் இடப்பக்கமே வளைத்துக்கொண்டு போயிருக்கிறது! சிரிப்பு வந்தது, சிரித்ததில் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. பொறவு மலையில் ஒரு மொட்டைப் பாறையைக் குறி வைத்துக்கொண்டு, அடிக்கொருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தே நீந்தினாள். மாரிச்சாமி துரட்டிக் கம்பின் நுனியில் டம்ளரைக் கட்டி மோர் விட்ட கம்பங்கூழை நீட்டுவார். அவள் பரிசலில் கை படாமல், மல்லாந்து கிடந்து குடிப்பாள்.

ஐந்து மணி நேரம் முடிந்ததாய் நம்பி விசில் ஊதினபோது உச்சிக்குக் கொஞ்சம் முந்தி. "கரைக்குப் போம்மா, ஏறிட்டா முடிஞ்சுது" என்றார். அணைக்கரையில் ஊரே நின்றது. தேவதானத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், கையில் பொன்னாடையோடு ஐயாதுரை! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துத் திரும்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவருக்குப் பக்கத்தில்தான் உக்கிரபாண்டி நின்றார். பரிபூரணத்தின் தாய்மாமன், பட்டாளத்தில் ஹவில்தாராய் இருந்து வந்தவர். அப்பா இல்லாத வீட்டில் எல்லாம் அவர்தான். சடங்குக்கு, கல்யாணத்துக்கு, அவள் போலீசில் சேர்ந்த நாளுக்கு என்று எதிலும் முதல் மாலை மாமன் மாலை. அதை இன்னொருத்தன் முந்துவதென்றால் அவருக்கு மீசை இருந்து என்ன பிரயோசனம்? அவள் தரையில் காலூன்றி எழுந்து, தள்ளாடித் தள்ளாடி முழங்கால் தண்ணீருக்கு வந்த நேரம், ஐயாதுரை பொன்னாடையை விரித்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். அவ்வளவுதான். உக்கிரபாண்டி செருப்போடு தண்ணீருக்குள் பாய்ந்தார். "எஞ் சாமி!" என்று மாலையை அவள் கழுத்தில் போட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கரையில் குலவை கேட்டது. அதையும் மீறி ஒரு நீண்ட விசில் கேட்டது.

நம்பி பரிசலில் எழுந்து நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "செல்லாதும்மா. தண்ணிக்குள்ள ஆள் தொட்டாச்சு. நான் என்ன பண்றது, சொல்லு."

"சார், முழங்கால் தண்ணி சார்!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

"முழங்காலா இருந்தா என்ன, கணுக்காலா இருந்தா என்ன? விதி ஒண்ணுதான்."

 மாமா கை இன்னும் தோளில் இருந்தது. பரிபூரணம் அதை உதறினாள். மாலையைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தாள்.

"மாலை போட வந்தீகளா மாமா, இல்ல என்னப் பாடையில ஏத்த வந்தீகளா?"

ஊர் முன்னால் அப்படி ஒரு சொல்லை உக்கிரபாண்டி எந்த மேலதிகாரியிடமும் கேட்டதில்லை.  "நான் என்ன ஆத்தா செஞ்சேன்? மாமந்தான முதல்ல…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

அவள் நம்பி பக்கம் திரும்பினாள். "நாளைக்கு?"

"நாளைக்கு மடை திறக்கறாளே. அணைக்குள்ள யாரும் இறங்கப்படாது."

"அப்ப இன்னைக்கே. திரும்பவும் முதல்லருந்து நேரம் வைங்க."

"பைத்தியமாம்மா நீ? இப்பத்தான் அஞ்சு மணி நேரம் நீந்தியிருக்கே. கரையேறி ஒரு வாய் சாப்பிட்டுட்டு…"

"கரையேறிச் சாப்பிட்டு வந்து அஞ்சு மணி நேரம் நீந்துறதுக்குள்ள சூரியன் மலைக்கு அங்கிட்டுப் போயிரும். வெளிச்சம் போனா நீந்தக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு விதி வச்சிருப்பீக. வச்சிருக்கீகளா, இல்லையா?"

வைத்திருந்தார்கள். 

"ஒரு நாள்ல ஒரு தடவைதான் நீந்தணும்னு விதி இருக்கா?"

நம்பி யோசித்தார். "அப்படி ஒண்ணும் இல்லை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"இப்பக் கேட்டாச்சு. ஊதுங்க."

மாரிச்சாமி நீட்டிய கூழைக் குடித்துவிட்டு, கரையில் கால் வைக்காமலே திரும்பி விழுந்தாள்.

முதல் ஒரு மணி நேரத்தைக் கோபம்தான் நீந்திக் கொடுத்தது. மாமாவைத் திட்டினாள், ஐயாதுரையைத் திட்டினாள், மாலை கட்டிய பூக்காரனைக்கூட விடவில்லை. மழையைத் திட்டினாள், மூன்று வருஷம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று. ஒவ்வொரு வசவுக்கும் ஒரு கை. பிறகு கோபம் தீர்ந்துபோனது. தீர்ந்ததும்தான் தெரிந்தது, உடம்பில் வேறொன்றும் மிச்சமில்லை என்று.

மத்தியானத்துக்கு மேல் மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கியது. அணைத் தண்ணீர் சிறிசு சிறிசாய் எழும்பி முகத்தில் அறைந்தது. வலது தோள் மூட்டுக்குள் யாரோ மண்ணைப் போட்டு அரைக்கிற மாதிரி இருந்தது. பனியன் தையல் உரசி உரசி அக்குள் புண்ணாகிவிட்டது. குடித்த கூழெல்லாம் வாந்தியாய் வந்தது. மாமாவிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று நெஞ்சுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதே நெஞ்சுக்குள்ளேயே, பேசியது பேசியதுதான் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாய்க் கிடந்து அவளைப் படுத்தின.

நம்பிக்குத் தாங்கவில்லை. பரிசல் விளிம்பில் குனிந்தார். "போதும்மா. என் பொண்ணு வயசு உனக்கு. ஏறிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் மழைக்கு நீங்க ஜவாப்தாரியா சார்?"

அவர் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

ஒவ்வொரு முறை அணைக்கரைப் பக்கம் வரும்போதும் மாமா தெரிந்தார். உட்காரவில்லை, சாப்பிடப் போகவில்லை, நனைந்த வேட்டியோடு ஒரே இடத்தில் நின்றார். ஊர்க்காரர்கள் அவரை விட்டுத் தள்ளியே நின்றார்கள். ஐயாதுரை அவருக்குக் கேட்கும்படியே, "அறிவுகெட்டவன், பிள்ளை பாடு அம்புட்டும் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்ததாய்ப் பின்னால் கேள்விப்பட்டாள். 

சூரியன் மலை விளிம்பைத் தொட்டு, அணையில் பாதி நிழலான நேரத்தில் விசில் கேட்டது. ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. இனி ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஏறத்தான் முடியவில்லை. காலை ஊன்றினாள், கால் அவளுடையதாய் இல்லை. எழுந்தாள், விழுந்தாள். முழங்கால் தண்ணீரில் முகம் புதைந்து, மூக்கில் சேறு ஏறி இருமினாள். கரையில் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஐயாதுரை, "ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீக? செத்துப் போயிருவாலே, தூக்குங்கலே!" என்று தண்ணீரை நோக்கி ஓடிவந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர்.

"ஹால்ட்!"

அணைக்கரையே அதிர்ந்தது. உக்கிரபாண்டி தண்ணீர் ஓரத்தில் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்துக்குக் குறுக்கே நின்றார்.

"எவன் கையாவது எம் மருமக மேல பட்டுச்சு, அந்தக் கைய ஒடிச்சுக் கையில குடுத்துருவேன். தலைவரே, உங்களையுஞ் சேத்துத்தான் சொல்லுதேன்."

"யோவ், பிள்ளை சாகுதுய்யா!"

"சாக மாட்டா. அவளுக்குத் தெரியும். தள்ளுங்க பின்னால!"

பரிபூரணம் தவழ்ந்தாள். கையை ஊன்றி, முழங்காலை இழுத்து, மறுபடி கையை ஊன்றி. சேறு முடிந்து சரளைக்கல் வந்தது. உள்ளங்கை கிழிந்தது. நெஞ்சு தரைக்கு வந்துவிட்டது, வயிறு வந்துவிட்டது, தொடை வந்துவிட்டது. முடிந்தது என்று கன்னத்தைத் தரையில் வைத்துக் கண்ணை மூடினாள். விசில் வரவில்லை.

தலைக்கு மேலே மாமா குரல், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டது. "ஆத்தா, எடது கால் இன்னும் தண்ணிக்குள்ளதான் கெடக்கு. இழுத்துருடா. ஒரு இழு. அம்புட்டுத்தான்."

அவர் ஒரு சாண் தூரத்தில் குத்தவைத்திருந்தார். கைகள் இரண்டையும் தன் அக்குளுக்குள் சொருகி இறுக்கி வைத்திருந்தார். அந்தக் கைகள் அவரை மீறி ஏதாவது செய்துவிடுமோ என்று அவருக்கே பயம்.

அவள் காலை இழுத்தாள். வந்தது.

நம்பி விசிலை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியவில்லை. பரிசலிலிருந்து குதித்து வேட்டி நனைய ஓடிவந்தவரைப் பார்த்து உக்கிரபாண்டி எழுந்து விறைப்பாய் நின்றார்.

"சார், இப்பத் தொடலாமா?"

"தொடலாம் ஸ்வாமி, பேஷாத் தொடலாம். முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது."

உக்கிரபாண்டி குனிந்தார். பரிபூரணம் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கினாள். தொண்டையில் சத்தமே இல்லை, இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அவர்ட்ட என்னத்துக்கு மாமா கேக்கீக? என்ட்ட கேளுங்க."

குனிந்தவர் அப்படியே நின்றார்.  உக்கிரபாண்டிக்குக் கண்ணீர் மீசையில் வடிந்தது. துடைக்கவில்லை.

"தொடட்டுமா ஆத்தா?"

"செத்த பொறுங்க."

அவள் கையை ஊன்றி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். ஒரு காலை ஊன்றினாள், ஆடினாள், மறு காலையும் ஊன்றினாள். யார் துணையும் இல்லாமல் நிமிர்ந்து நின்று, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அதன் பிறகுதான் மாமாவிடம் கையை நீட்டினாள்.