ஹெப்சிபா வாசலில் கொடிக்கம்பங்கள்

பரளச்சி பஸ் நிறுத்தத்தில் நின்ற மூன்று கட்சிக் கொடிக்கம்பங்களும் சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிமெண்ட் பீடத்தோடு நடந்து வந்து ஹெப்சிபா வீட்டு வாசலில் நின்றன. வந்த வழியெல்லாம் உழவு போட்டது போல மண் கீறிக் கிடந்தது. அதற்கு முந்தின நாள்தான் அருப்புக்கோட்டை சேலைக் கம்பெனியில், இனி போன் பேசுகிற வேலையை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று அவளை நிறுத்தியிருந்தார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் அப்போது பிடிபடவில்லை.

கட்சிக்காரர்களுக்கு வேறு மாதிரிப் பிடிபட்டது. தன் கம்பத்தை அடுத்த கட்சிக்காரன்தான் பிடுங்கினான் என்று மூன்று பேரும் திருச்சுழி ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். டிராக்டரில் ஏற்றிப் பழைய இடத்தில் நட்டார்கள். டிராக்டர் வீடு போய்ச் சேருமுன் கம்பங்கள் ஹெப்சிபா வாசலுக்கு வந்துவிட்டன. சரி, போய்த் தொலையட்டும் என்று அங்கேயே கொடியேற்ற வந்தார்கள். செங்கொடிக்காரர் சுப்புராஜ், முதலாளி லாபத்துக்கு வந்த மிஷினை உடைக்க வேண்டும் என்றார். இரண்டாவது கட்சி முனீஸ்வரன், மிஷினுக்கு வரி போட்டு வீட்டுக்கு வீடு பணம் கொடுக்க வேண்டும் என்றார். ஃப்ளெக்ஸ் போர்டு போடுகிற அழகுராஜா மூன்றாவது கட்சி. "ஏலே, மாட்டுவண்டி போயி பஸ்ஸு வரலையா? கெட்டிக்காரனுக்கு எப்பவும் வேலை உண்டுலே" என்றார்.

ஹெப்சிபாவுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் இவர்கள் என்னதான் சொல்வார்கள் என்று அறிகிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. "நீங்க சொல்றது சரிதாண்ணே. நாளைக்கு நான் எங்க வேலைக்குப் போறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். மூன்று பேரும் கொடிக்கயிற்றை இழுக்கப் போய்விட்டார்கள். அத்தோடு மூன்று கொடிகளும் பாதிக் கம்பத்திலேயே நின்றுகொண்டன. இழுத்தவர்களுக்குக் கை காய்த்ததுதான் மிச்சம்.

அவள் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். பாதிச் சம்பளத்துக்கு வீரசோழன் ஜவுளிக்கடைக்குப் போய் வந்தாள். ஆடி பிறந்ததும் கட்சிக்காரர்கள் போனிலேயே ஏஐயிடம் சொல்லி போர்டு வரைந்துகொண்டார்கள். அழகுராஜா கடைப்பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. அவர் ஷட்டரை இறக்கிப் பூட்டின மறுநாள், ஹெப்சிபா வாசலில் ஈரத்துணியும் கயிறும் தரையில் கிடந்தன. கம்பங்கள் அழகுராஜா வாசலில் நின்றன.

"ஏத்தா, இதுக ஏன் இங்க வந்துச்சு?" என்றார் அவர், கயிற்றோடு வந்த ஹெப்சிபாவிடம்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கையிலிருந்த கயிற்றை நீட்டினாள். "கொடி ஏறாதுண்ணே. துணி நல்லாக் காயும்."

கயிற்றை அவரே கட்டினார். அதில் முதலில் காய்ந்தது அவருடைய கட்சித் துண்டு.