இரண்டு முறை இறங்கியவன்

கப்பலிலிருந்து வந்து எட்டு நாள் ஆகியும் மிருதுளாவுக்குத் தரை ஆடிக்கொண்டேயிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் வீட்டில் இரண்டு லோகேஷ் இருந்தார்கள். இருவருக்கும் தோசை ஊற்றவே அம்மாவுக்கு நேரம் சரியாக இருந்தது.

லோகேஷ் மிருதுளாவின் அண்ணன். கல்லூரியில் இரண்டாம் வருடம். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றி, மூன்று நாள் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு, அதே இடத்தில் இறக்கிவிடும் கப்பலுக்கு நான்கு பேராகப் போனார்கள். அப்பா, அம்மா, லோகேஷ், மிருதுளா. நான்கு பேராகவே வில்லிவாக்கம் திரும்பினார்கள். பெட்டிகளை மூன்றாவது மாடிக்கு ஏற்றி, அப்பா ஃபேனைப் போட்டு உட்கார்ந்தபோது காலிங்பெல் அடித்தது.

வாசலில் இன்னொரு லோகேஷ் நின்றான். அதே நீல டி-ஷர்ட். அதே கண்ணாடி. காலில் மட்டும் மிருதுளாவின் ரோஸ் கலர் செருப்பு.

மிருதுளா குனிந்து பார்த்தாள். அவள் வெறுங்காலோடு வந்திருந்தாள். அதுவரை அது அவளுக்குத் தெரியவில்லை.

லோகேஷுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு. அவளுடையது ஆறு. ஆனால் வந்தவனுக்கு அது அளவெடுத்ததுபோல இருந்தது.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். அம்மா இன்னொரு டம்ளர் அரிசியைக் களைந்து குக்கரில் போட்டாள். அவ்வளவுதான்.

லோகேஷ் கட்டிலில் படுத்தான். இரண்டாவது லோகேஷ் பாயில் படுத்தான். இரண்டாவது லோகேஷ் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். போர்வையை மடித்தான். டம்ளர் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, சமையலறையிலிருந்து பால்கனிவரை நடந்துபோவான். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

மிருதுளாவால் அரை டம்ளர் தண்ணீரைக்கூட அப்படி எடுத்துப் போக முடியவில்லை. தரை இடது பக்கம் மெதுவாக ஏறும். ஒரு கணம் யோசிக்கும். பிறகு வலது பக்கம் இறங்கும். பல் தேய்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு நோட்டில் எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் வழுக்கிப் போய்க் கிடந்தன.

காலையில் எழுந்தால் அவளுடைய துண்டு கால்மாட்டில் ஒரு மிருகமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். கப்பல் அறையில் தினமும் அப்படித்தான் வைப்பார்கள். முதல் நாள் அன்னம். மறுநாள் முயல். அதற்கு மறுநாள் ஆமை. யார் மடித்தது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் நான் இல்லை என்றார்கள். துண்டு ஈரமாக இருக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டர், கொத்தனார் வைத்திருப்பதுபோல ஒரு ரசமட்டத்தை எடுத்து மிருதுளாவின் தலையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பிறகு வீட்டின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்பா போனில் காட்டினார். டாக்டர் போன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை, கட்டடத்துக்குத்தான் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அம்மா அதை மொட்டைமாடித் தொட்டியில் கரைத்தாள். இரண்டு நாள் பிளாட்டில் எல்லோரும் பகலிலும் தூங்கினார்கள். தரை மட்டும் தூங்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் உதவியது. ஓடுகிற வண்டியில் ஏறினால் ஆட்டம் நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவன் லோகேஷ், கட்டிலில் படுக்கிறவன். தினமும் சாயங்காலம் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஐ.சி.எஃப்., அயனாவரம், கொளத்தூர் என்று பெட்ரோல் ரிசர்வுக்கு வரும்வரை சுற்றினான். சிக்னலில் நின்றால் அவள் சாய்வாள். அதனால் சிக்னல் இல்லாத தெருவாகப் பார்த்துப் போவான்.

"லூசு, நல்லாப் புடிச்சுக்கோ. விழுந்தா எனக்குத்தான் திட்டு" என்பான்.

பிறந்ததிலிருந்து அவன் அவளை லூசு என்றுதான் கூப்பிட்டான். பாயில் படுக்கிறவன் மிருதுளா என்று முழுப் பெயரையும் சொல்லுவான். சொல்லும்போது யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பதுபோல இருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்த மிஸ், அவள் பெயர் வந்ததும் படிக்காமல் கப்பல் என்று எழுதினார். மிருதுளா எழுந்து, பிரசன்ட் மிஸ் என்றாள். மிஸ் அவளை அன்பாகப் பார்த்தார். கரைக்கு வந்ததும் சொல்லு, போட்டுக்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு கையால் மிருதுளாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டே பெரியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மிருதுளா இன்னும் கப்பல்லதான் இருக்கா, என்ன பண்றான்னே தெரியல, சாப்பிட்டாளோ என்னமோ என்றாள்.

"அம்மா, நான் இங்கதானே இருக்கேன்."

"தெரியும்டி" என்று அம்மா டம்ளரை நீட்டினாள். "ஆனா இன்னும் இறங்கலையே நீ."

மிருதுளாவுக்குக் காபி இறங்கவில்லை. மறுநாள் தட்டு வைக்கும்போது அம்மா நான்குதான் வைத்தாள். அப்பா, அம்மா, லோகேஷ், லோகேஷ். மிருதுளா தானே போய் ஐந்தாவதை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

புதன்கிழமை லோகேஷ் அவளைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனான். வாசலில் வண்டியை நிறுத்தி, நீ போய்ட்டு வா, இங்க பார்க்கிங் இல்ல, நான் சுத்திக்கிட்டே இருக்கேன் என்றான்.

துறைமுக ஆபீஸில் இறங்காதோர் பிரிவு தாழ்வாரத்தின் கடைசி அறை. தாழ்வாரம் அவள் நடக்க நடக்க நீண்டது. தரை இடது பக்கம் ஏறும்போது அறை தூரமாகப் போனது. வலது பக்கம் இறங்கும்போது கொஞ்சம் கிட்டே வந்தது. வலது பக்கம் இறங்கும்போது மட்டும் நடந்தால் போதும் என்று அவளுக்கு நாற்பது நிமிடம் கழித்துப் புரிந்தது.

பெஞ்சில் ஒரு பெரியவர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். புருவத்தில் உப்பு படிந்திருந்தது. ரொம்ப நேரமா இருக்கீங்களா என்று கேட்டாள்.

"இடது கால் போன வருஷமே இறங்கிடுச்சும்மா. வலது காலுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

உள்ளே இருந்த அதிகாரி அம்மா ஒரு பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து விரல் வைத்துப் படித்தார். ஏறியவர்கள், பாஸ்கர், கற்பகம், லோகேஷ், மிருதுளா. இறங்கியவர்கள், பாஸ்கர், கற்பகம், லோகேஷ், லோகேஷ்.

மிருதுளாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா எல்லோருடைய கார்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பாள். ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், முருகன் படம், அதோடு கப்பல் கார்டு. யார் கையிலும் தரமாட்டாள், தொலைத்துவிடுவார்களாம். இறங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, மெஷினில் காட்டியதும் திரும்ப வாங்கிக்கொண்டாள். லோகேஷிடம் வாங்கியதைக் கவரில் போட்டு, மேலே இருந்ததை எடுத்து மிருதுளாவிடம் கொடுத்தாள். மேலே இருந்தது லோகேஷ் கார்டு. மெஷின் பீப் என்றது. செக்யூரிட்டி, ஃபேமிலியா, போங்க போங்க என்றார்.

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"இறங்கணும்."

"இறங்கிட்டேனே."

"இறங்கினது லோகேஷ். நீ உள்ள இருக்க." அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்புது. மழை முடிஞ்சுதான் திரும்பி வரும். உள்ள இருக்கிறவங்களும் கூடப் போவாங்க. அதுக்குப் பேர்தான் கப்பல்."

வழி இருந்தது. ஒரு லோகேஷ் அதிகமாக இறங்கியிருக்கிறான். அவன் திரும்ப ஏறினால் மிருதுளா தன் கார்டோடு இறங்கலாம். கணக்கு நேராகிவிடும். எந்த லோகேஷ் என்று அவள் கேட்டாள். ரிஜிஸ்டரில் லோகேஷ் என்றுதான் இருக்கிறது, எந்த என்று ஒரு கட்டம் இல்லை என்றார் அதிகாரி.

அன்று சாப்பிடும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். இரண்டாவது லோகேஷ் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான். நான் போறேன், எனக்கு இங்க கட்டில்கூட இல்லை என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை முழுக்க அவனுக்காக முறுக்கு சுட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மற்றவர்கள் நாலரை மணிக்குத் துறைமுகத்தில் நின்றார்கள். இரண்டு லோகேஷும் நீல டி-ஷர்ட்டில் இருந்தார்கள். அடையாளம் செருப்புதான். ஒருவன் காலில் கறுப்பு, இன்னொருவன் காலில் ரோஸ்.

சோதனை இடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றி டிரேயில் போடவேண்டியிருந்தது. டிரே மெஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது. அம்மா டிரேயிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, யார் பக்கத்தில் நின்றார்களோ அவர்கள் முன்னால் போட்டாள். முறுக்கு டப்பாவை ரோஸ் செருப்பு போட்டவன் கையில் திணித்தாள்.

"மா, நான் லோகேஷ்" என்றான் அவன்.

"தெரியும்பா. நீயும் லோகேஷ்தான்" என்று அம்மா அவன் தலையைத் தடவினாள். "போ, நேரமாச்சு."

கறுப்புச் செருப்பு போட்டவன் ஒன்றும் சொல்லவில்லை.

மிருதுளாவுக்குக் கார்டைக் காட்டாமலே ஏற அனுமதி இருந்தது, ஏற்கெனவே மேலே இருப்பதால். முன்னால் அவன் ஏறினான். அவள் பின்னால் ஏறினாள். படி ஆடியது, அவள் ஆடினாள், இரண்டும் ஒரே பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்முன்னால் ரோஸ் செருப்பு ஒவ்வொரு படியாக ஏறியது. செருப்புக்கு வெளியே குதிகால் மூன்று விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

மேலே அவன் கார்டைக் காட்டினான். பீப். அவன் உள்ளே போய்க் கம்பியருகில் நின்றான். மிருதுளா தன் கார்டைக் காட்டினாள். மெஷினில் அவள் போட்டோ வந்தது, பள்ளி யூனிபார்மில், இரட்டைப் பின்னலோடு. பீப்.

அவள் படி இறங்கித் தரையில் கால் வைத்தாள். தரை நின்றது.

எதுவும் ஏறவில்லை. எதுவும் இறங்கவில்லை. கிரேன்கள் நேராக நின்றன. அம்மா நேராக நின்றாள். பதினைந்து நாளில் முதல்முறையாக மிருதுளா எதையும் பிடிக்காமல் நின்றாள்.

மேலிருந்து குரல் கேட்டது.

"ஏய் லூசு. என் சார்ஜரத் தொடாத, வந்து கேப்பேன்."

படியடியில் நின்றிருந்த அதிகாரி ரிஜிஸ்டரை அவள் முன்னால் நீட்டினார். பேனாவையும் கொடுத்தார்.

"ஆள் மாறி யாராவது ஏறியிருந்தா இப்பவே சொல்லிடு. சொன்னா அவர் இறங்கிடுவார்."

"நான்?"

"நீ மறுபடி உள்ள போயிடுவ. மணி நாலு அம்பத்தெட்டு."

மிருதுளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கவரில் கார்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கறுப்புச் செருப்பு போட்டவனைப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு பேப்பர் கப்பில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, சிந்தாமல் அம்மாவிடம் கொண்டுவந்துகொண்டிருந்தான். கப்பலைப் பார்க்கவில்லை.

சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். கால் கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

கையெழுத்துப் போட்டாள். எழுத்து நேராக வந்தது.

படியை மேலே தூக்கினார்கள். கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்தது. கம்பியருகில் இருந்தவன் முதலில் கை ஆட்டினான். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தான். கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தான்.

"எல்லாரும் இறங்கியாச்சா?" என்று அம்மா கேட்டாள். ஆபீஸில் இருந்த அப்பாவையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினாள். நான்கு வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

லோகேஷ் ஓட்டிவந்த ஸ்கூட்டர் எதிர்த் தெருவில் விட்ட இடத்திலேயே நின்றது. கறுப்புச் செருப்பு போட்டவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. பஸ்ஸில் வந்தார்கள்.

சனிக்கிழமை காலை அவன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். மிருதுளா, தண்ணி வேணுமா என்று அங்கிருந்தே கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். சார்ஜர் பிளக்கில் அப்படியே தொங்கியது. யாரும் தொடவில்லை. கட்டில் காலியாக இருந்தது.

கட்டிலின் நடுவில் லோகேஷின் பச்சைத் துண்டு யானையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தும்பிக்கை, இரண்டு காது, நான்கு கால். ஈரம் மெத்தைவரை இறங்கியிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, யார் வேலைடி இது, உதறிக் காயப்போடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிருதுளா உதறவில்லை. ஒரு காது சரிந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். மறுபடி சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

யானை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. ஒரு கணம் யோசித்தது. பிறகு வலது பக்கம் சாய்ந்தது.

தரை அசையவே இல்லை.