மற்றொரு பெண் ஊழியர்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் பிறந்தது. மொத்தம் பதினோரு வரி. மேலே கொட்டை எழுத்தில் 'ஒருதலைக் காதல் விபரீதம்'. கடைசி வரி இது: "தடுக்க முயன்ற மற்றொரு பெண் ஊழியர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்."

அவனுக்குக் 'காதல்' கிடைத்தது. எனக்கு 'இளம்பெண்' கிடைத்தது. அக்காவுக்குக் கிடைத்தது 'மற்றொரு'. அந்த ஒரு சொல்லைப் பிரித்து எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபிக்கக் கூடாது. இதில் வரும் இளையவள் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'அவள்' என்றால் கொஞ்சம் ஓடுகிறது. அதனால் இனி அவள்.

2

முதல் தொடக்கம்: சின்ன வயதிலேயே தாயை இழந்த அவன் யாரிடமும் அதிகம்—

[நிறுத்திவிட்டேன். அவனுடைய அம்மா உயிரோடுதான் இருக்கிறார், நீதிமன்ற வராந்தாவில் பார்த்தேன். அவனுக்கு ஒரு காயம் வேண்டுமே என்று என் பேனா தானாகவே ஒரு தாயைக் கொன்றுவிட்டது.]

இரண்டாவது தொடக்கம்: அவள் சிரித்தால் அந்த அறையே—

[இதுவும் வேண்டாம். போலீஸ் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வியே "சிரிச்சு கிரிச்சு பேசினியாம்மா?" என்பதுதான்.]

மூன்றாவது: பாலிஷ் அக்காவுக்கு முன்பல் ஒன்று இல்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பாலிஷ் அக்காவுக்கு முன்பல் ஒன்று இல்லை. வேலை பார்த்ததோ பல் செட் செய்யும் லேபில். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அட்டைப்பெட்டியில் அனுப்புவார்கள். இங்கே பிளாஸ்டரில் தாடையை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அதற்கு ஈறு கட்டி, கடைசியில் மெருகேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் பல் அடுக்குகிறவள், அக்கா மெருகேற்றுகிறவள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறது என்று அக்கா பெருமையடித்துக்கொள்வாள்.

"நீங்களே ஒண்ணு கட்டிக்கலாம்ல அக்கா?"

"எதுக்குடீ? விசிலடிக்க வசதியா இருக்கு." சொன்னதோடு நிற்காமல் அடித்தும் காட்டுவாள்.

இருபது வருடம் பாலிஷ் மோட்டார் பக்கத்தில் நின்றதில் அக்காவுக்குக் காது மந்தம். அக்கா ரகசியம் சொன்னால் தெருவுக்கே தெரியும். இரண்டு கையிலும் எப்போதும் தண்ணீரில் குழைத்த மெருகேற்றும் வெள்ளைத்தூள் அப்பியிருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், அடுக்கி வைத்த பல் வரிசையை அக்கா எடுத்துப் பார்த்தாள். "இவ்வளவு ஒழுங்கா வைக்காத. மனுஷ வாய் மாதிரி இருக்க வேண்டாமா? எங்கயாவது ஒண்ணைக் கோணலா வை" என்றாள்.

(எழுதுகிறவர்களுக்கும் யாராவது இதைச் சொல்லலாம்.)

4

இனி அவனைக் கொண்டுவந்தாக வேண்டும். நாலு நாள் தள்ளிப் போட்டேன். அவன் வந்து உட்கார்ந்தால் கதையில் வேறு யாருக்கும் நாற்காலி கிடைக்காது.

வாசல் மேசையில் பெட்டி பிரிக்கிறவன். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, பல்லின் நிறத்தை எழுதி, சீட்டு ஒட்டி உள்ளே கொண்டுவந்து தருவான். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஆறு வருடமாக ஒருநாள் லீவு போட்டதில்லை. இதற்கு மேல் அவனுக்கு வர்ணனை கிடையாது.

முதல் சீட்டில், நோயாளி எண்ணுக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தான்: 'இன்று ஏன் வாட்டம்?' விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். [ஆமாம், சிரித்தாள். போலீஸுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.] அடுத்த வாரம், 'நீலம் பொருத்தம்'. அதற்கடுத்து, 'நேற்று பஸ்ஸில் தூங்கிவிட்டாய்'. அவன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸே வேறு.

நேராகப் போய்ச் சொன்னாள். "எனக்கு இதுல விருப்பமில்ல. இனிமே இப்படி எழுதாதீங்க."

"சரி." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மறுநாள் அவள் மேசைக்கு வந்த பதினான்கு பெட்டிகளிலும் 'சரி' என்று எழுதியிருந்தது.

பிறகு அவள் தெருவிலேயே, எதிர்வரிசையில் அறை எடுத்தான். அவளுடைய அம்மா மூட்டையோடு படியேறத் திணறியபோது வாங்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தான். "உன்கூட வேலை பாக்கிறவனாமே, நல்ல பையன்" என்றார் அம்மா. அந்த மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. வேலை பழகும்போது அவள் தன் வாயையே அளவெடுத்து, தன் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்திருந்தாள். அது அலமாரியில் இல்லை.

அக்காவிடம் அன்றுதான் சொன்னாள். அக்கா மோட்டாரை நிறுத்தினாள். கையைக்கூடத் துடைக்காமல் அவளை இழுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

"பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றார் முதலாளி. "நான் கூப்பிட்டுப் பேசறேன். சின்ன விஷயத்தைப் பெருசாக்க வேண்டாமே."

"அவ பல்லைக் காணோம் சார்."

"பிளாஸ்டர்தானேம்மா?"

"பிளாஸ்டர்தான். உங்க வீட்டுப் பொண்ணு வாயை வார்த்து எவனோ ஒருத்தன் எடுத்துட்டுப் போனா, பிளாஸ்டர்தானேன்னு விட்டுடுவீங்களா?"

அக்காவின் குரல்தான் தெரியுமே. கட்டடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு மோட்டாராக நின்றது. முதலாளி வேறு வழியில்லாமல் எழுந்து வந்து வாசல் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றி, அவள் பல்வரிசை இருந்தது.

[முதலாளியைக் கெட்டவராக எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த மனிதர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அதையும் எழுதாமல் விட முடியவில்லை.]

ஆனாலும் ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு அவனை வேலையில் வைத்திருந்தார்.

5

காதல் என்ற சொல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். 'ஒருதலை' என்று எப்படிச் சொல்கிறார்கள், இன்னொரு தலை ஒன்று இருந்ததே, அது வேண்டாம் என்று அசைந்ததே என்றெல்லாம் போனது. நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அக்காவும் அவளும் பஸ்ஸில் போனதை வைக்கிறேன்.

அன்று மாலையிலிருந்து அக்கா அவளோடு பஸ் ஏறினாள். அக்காவின் வீடு நேர் எதிர்த்திசை. அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறித் திரும்ப வேண்டும். நாலு மாதம், ஒருநாள் விடவில்லை.

"உங்களுக்கு எதுக்கு அக்கா இந்த அலைச்சல்?"

"வீட்டுக்குச் சீக்கிரம் போனா மக சமைக்கச் சொல்றா. லேட்டா போனா அவளே சமைச்சு வச்சிருக்கா. எது லாபம், நீயே சொல்லு."

பின்சீட்டில் அவன் இருப்பான். அக்கா அவனுக்கு முதுகைக் காட்டி, அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் கதை சொல்வாள். தும்மியபோது செட் பறந்து சாம்பாரில் விழுந்த மாப்பிள்ளையின் கதையை மட்டும் ஆறு தடவை. டிரைவர்கூடச் சிரிப்பார். அவள் பயந்து வெளிறிப்போய் ஏறுவாள், வயிறு வலிக்கச் சிரித்து இறங்குவாள். பயமும் சிரிப்பும் ஒரே சீட்டில் உட்காரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஒருநாள் மட்டும் அக்கா குரலை இறக்கிக் கேட்டாள். "ராத்திரி தூங்கறியா?"

"இல்லக்கா."

"பஸ்ல தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

அவள் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுந்தபோது கன்னமெல்லாம் வெள்ளைத்தூள்.

6

[இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் அவனுக்குத்தான் இடம் கூடும்.]

ஒருநாள் அவள் பையில் அவளுடைய வீட்டுச் சாவியின் நகல் கிடந்தது, ஒரு பெட்டிச் சீட்டில் சுற்றி. சீட்டில் 'நான் நினைத்திருந்தால்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் புகார் கொடுத்தாள். கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிட்டதாக நிலையத்தில் சொன்னார்கள். முதலாளி இப்போது உண்மையிலேயே பயந்து அவனை வேலையை விட்டு நிறுத்தினார். எதிர்வரிசை அறையும் காலியானது. பத்தொன்பது நாள் எதுவுமில்லை. அவளுக்குத் தூக்கம் வந்தது. பூட்டை மாற்றியதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வாசல் மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை. அவன் கையில் லேபின் அட்டைப்பெட்டி ஒன்றோடு உள்ளே வந்தான். பார்க்கிறவர்களுக்குப் பழைய ஆள் வேலைக்குத் திரும்பிவிட்டான் என்றே தோன்றும். பெட்டிக்குள் பிளாஸ்டர் சீவும் கத்தி இருந்தது.

அதற்குச் சற்று முன்புதான் அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு அவளைத் திட்டியிருந்தாள். என்ன சொல்லித் திட்டினாள் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். உள்ளறையில் வேறொரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது நாலு பேர் அவனைத் தரையில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அக்கா உள்ளறைக் கதவு நிலையில் சாய்ந்து, காலை நீட்டி, வழியை அடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்காவைத் தாண்டாமல் அந்த அறைக்குள் யாரும் போயிருக்க முடியாது. கையில் தூள் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றாள். சத்தமாகவே சொன்னாள், காது மந்தம் என்று.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் முதலாளி முதல் நாளே அவனை அனுப்பிவிடுகிறார். போலீஸ் அவனை உள்ளே வைக்கிறது. எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். [இதை எழுதிய அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.]

இரண்டாவதில் உள்ளறைக்கு அக்கா போகிறாள், வெளியே இவள் நிற்கிறாள்.

மூன்றாவதில் அக்கா கடைசியாக "என் பொண்ணைப் பாத்துக்கோ" என்கிறாள்.

அக்காவின் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கல்லூரியில் மூன்றாம் வருடம். முறைப்படி என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும், ஆனால் அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுகிறாள், நாங்கள் திருத்திக்கொள்ளவில்லை. [இங்கே 'நான்' வந்துவிட்டது. இருக்கட்டும்.] காகிதங்களை வாங்கி ஒரே மூச்சில் படித்தாள். இரண்டாவது முடிவைத் தனியே கிழித்தெடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாவதில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"அம்மா இப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க. நிஜமா என்ன சொன்னாங்க?"

"வேண்டாம். அது ஒண்ணுமில்ல."

"சொல்லுக்கா."

சொன்னேன். "'அந்தக் கீழ் செட்டைக் கொண்டுபோய்த் தண்ணியில போடுடீ. காயவிடாத, காயவிடாதன்னு எத்தனை வாட்டி சொல்றது? மண்டையில என்ன பிளாஸ்டரா இருக்கு?' அவ்வளவுதான்."

மகள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இது எங்கம்மா" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது, பிறகு அது வேறு ஒன்றாகி, அதுவும் அடங்கியது.

"தண்ணித் தொட்டி உள்ளறையிலதானே?"

"ஆமா."

"அம்மா நின்ன இடத்துலேர்ந்து வாசல் தெரியுமா?"

"தெரியும். கண்ணாடிக் கதவு. ஆனா கண்ணாடியெல்லாம் எப்பவும் தூள் படிஞ்சிருக்கும்."

"அப்ப, அவனைப் பாத்துட்டுதான் உன்னை உள்ள அனுப்பினாங்களா?"

இன்ஸ்பெக்டரும் இதைத்தான் கேட்டார். அந்தச் செட் நிஜமாகவே காய்ந்துகொண்டுதான் இருந்தது, காய்ந்தால் வளைந்துபோகும். அக்கா நிஜமாகவே அதற்காகத் தினமும் திட்டுவாள்.

"தெரியலடா."

"பாக்கலன்னு எழுதுக்கா," என்றாள் மகள். "பாக்கலன்னா, பயந்திருக்க மாட்டாங்கல்ல."

எனக்கு அக்கா பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் இந்த உயிர் எனக்குத் தற்செயலாகக் கிடைத்ததாக இல்லாமல், அக்கா கொடுத்ததாக இருக்கும். மகளுக்கோ அம்மா பார்த்திருக்கக் கூடாது. ஒரே கதைக்குள் இரண்டு பேரும் இருக்கிறோம். ஒருத்திக்கு ஆறுதலான வரி இன்னொருத்தியைக் குத்துகிறது. வழக்கு நடக்கிறது, தீர்ப்பு ஒருநாள் வரும். இதற்குத் தீர்ப்பு சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஆகவே நீங்கள். அக்கா மோட்டாரை நிறுத்துகிறாள். திரும்புகிறாள். என்னைத் திட்ட வாயைத் திறக்கிறாள். அந்த நொடியில் அவள் கண் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.

.......................................................................

எழுதிக்கொள்ளுங்கள். என்ன எழுதினீர்கள் என்று எங்கள் இருவரிடமும் சொல்ல வேண்டாம்.