மஞ்சள் குங்குமத்துக்கு ரப்பர் பட்டை

இப்ப எங்கிட்ட வர்றதெல்லாம் கம்ப்யூட்டர் கழுத்துங்க. ஹிஞ்சவாடி கம்பெனியில நாள் முழுக்கத் திரையை முறைச்சுப் பார்த்துட்டு, சாயங்காலம் ஆமை மாதிரி தலையை நீட்டிக்கிட்டு வந்து நிக்கும். "மேடம், ஒரே வாரத்துல சரியாயிடுமா?"ன்னு கேள்வி வேற. வர்ற கோபத்துக்கு நானே திருகிவிட்டுடுவேன். ஆனா எவ்வளவு திட்டினாலும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். இந்த முன்னறையில பேஷன்ட் பார்க்க நான் பட்ட பாடு அப்படி.

நான் பிசியோதெரபி படிச்சவ. கோயமுத்தூர்ல எலும்பு வார்டுல இருந்தப்ப, நான் வர்றது தெரிஞ்சாலே உடைஞ்ச காலெல்லாம் போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கும். அத்தனையையும் நடக்கவிட்டுத்தான் அனுப்புவேன். அப்புறம் கல்யாணம். வீட்டுக்காரர் வாசுதேவனுக்குப் புனேல, போசரி ஃபேக்டரியில வேலை, விஷ்ராந்த்வாடியில வீடு. இங்கேயும் ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்தேன். மக வைஷு பிறந்ததும் வேலை போச்சு. குழந்தையைப் பார்த்துக்க வேற ஆள் இல்ல. மூணு வருஷமா பாப்பா காலை மட்டும் நீவிவிட்டுட்டு இருந்ததுல எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

வீட்டிலேயே பேஷன்ட் பார்க்கலாம்னா அபார்ட்மென்ட் சொசைட்டி சம்மதிக்கணும். செக்ரட்டரி ரோஹிணி காக்கூ. மராத்தியில சித்தியைக் காக்கூன்னு கூப்பிடுவாங்க. "கண்டவங்களும் மாடி ஏறுவாங்க, முடியாது"ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. வேணும்னா ஆகஸ்ட்ல வருஷக் கூட்டத்துல கேட்டுக்கோன்னாங்க. அங்கேயும் அவங்க கை போற பக்கம்தான் மத்த கையெல்லாம் போகும். அதுவும் இல்லைன்னா என் படிப்பைப் பரண்மேல தூக்கிப் போட வேண்டியதுதான்.

எதிர்வீட்டு ரீனாதான் யோசனை சொன்னா. "சங்கராந்திக்கு ஹல்தி குங்கு வை. பொம்பளைங்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம், எள்ளுருண்டை கொடு. கூடவே வீட்டுக்கு உதவற மாதிரி சின்னதா ஒரு சாமான். எல்லாரும் உன் பக்கம் வந்துடுவாங்க."

உதவற சாமானா? எனக்குத் தெரிஞ்சு மனுஷருக்கு உதவற சாமான் ஒண்ணே ஒண்ணுதான். ஆளந்தி ரோட்டு பஞ்சர் கடையில பழைய சைக்கிள் ட்யூப் வாங்கி, கழுவி, பட்டை பட்டையா வெட்டி, ஜிகினாத் தாள்ல சுத்தினேன். ஜன்னல் கம்பியில கட்டி இழுத்தா கைக்கு, காலுக்கு, முதுகுக்கு எல்லாத்துக்கும் பயிற்சி.

சங்கராந்தி அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சார்.

"ஏன் கிரிஜா, பொங்கலும் அதுவுமா கறுப்பா எதையாவது குடுப்பாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஏனுங்க, இதை நேத்தே சொல்றதுக்கு என்னங்க?"

"நேத்து என்னைக் கேட்டியா?"

வருஷா வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு ரயிலேறிடறவங்க நாங்க. புனே சங்கராந்தியைப் பார்க்கறது அதுதான் முதல் தடவை. மாத்துறதுக்கு நேரமில்ல. காலிங் பெல் அடிச்சாச்சு. கதவைத் திறந்தா, ரோஹிணி காக்கூ கறுப்புப் புடவையில. பின்னாடி ரீனா, கறுப்பு. அதுக்குப் பின்னாடி வரிசையா எல்லாரும் கறுப்பு!

"யாரு போயிட்டா?"ன்னு இவர் சமையலறையிலிருந்து கிசுகிசுத்தார்.

ரீனா சிரிச்சுக்கிட்டே சொன்னா, சங்கராந்திக்கு இங்கே கறுப்புதான் விசேஷமாம். போன உசிர் திரும்பி வந்தது. அப்பாடா!

நான் எல்லாருக்கும் குங்குமம் வெச்சேன், அவங்க எனக்கு வெச்சாங்க. காக்கூ மட்டும், "குனி"ன்னாங்க. அந்தம்மா குங்குமம் வைக்கணும்னா யாரா இருந்தாலும் தலை குனியணும்னு ஊர் பேச்சு. திமிர்னு பேர். நானும் பல்லைக் கடிச்சுட்டுக் குனிஞ்சேன். அப்பதான் கவனிச்சேன். வலது கை எழும்பறதுக்கு முன்னாடியே தோள் காதுகிட்டப் போயிடுது. திமிராவது மண்ணாவது! தோள் இறுகிக் கிடக்கு. இடது கையால குங்குமம் வைக்கக் கூடாதே, பாவம், அதான் எல்லாரையும் குனிய வைக்கறாங்க.

எள்ளுருண்டை எடுக்கற சாக்குல உள்ளே கூட்டிட்டுப் போனேன். "எத்தனை மாசமா காக்கூ?"

முறைச்சாங்க. அப்புறம் கண் கலங்கிடுச்சு. "தலை வாரக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கு. வெளியே சொல்லிடாதே."

நான் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு ரப்பரை ஜன்னல் கம்பியில கட்டினேன். "தினம் வாங்க."

"சொசைட்டியில அனுமதி இல்லையே."

"அனுமதி இல்லைன்னு சொன்னதே நீங்கதானே!"

காக்கூ ரப்பரை லேசா இழுத்துப் பார்த்தாங்க. அவங்க மூளையே மூளை. "ஹல்தி குங்கு ரதசப்தமி வரைக்கும் நடக்கலாம். பொம்பளைங்க மஞ்சள் குங்குமத்துக்கு வர்றதை எந்தக் கமிட்டி தடுக்கும்?"

அவ்வளவுதான். மறுநாள் மத்தியானத்திலிருந்து என் ஜன்னலெல்லாம் ரப்பர். காக்கூவோட சேர்ந்து முதுகு பிடிச்சவங்க, முட்டி வலிக்காரங்க எல்லாரும் நெத்தியில குங்குமத்தோட இழுத்துக்கிட்டு நிப்பாங்க. ரதசப்தமி முடிஞ்சது. சைத்ர மாசத்து ஹல்தி குங்கு வந்தது. அதுவும் முடிஞ்சு, ஷ்ராவண மாசத்துல மங்களாகௌரி பூஜை வந்தது. என் வீட்ல நடந்த பண்டிகை எந்தக் கோயில்லயும் நடந்திருக்காது. என் மராத்தி அரைகுறை. அவசரத்துக்குத் தமிழ்லயே கத்துவேன், அவங்களும் பழகிப்போய் அப்படியே செய்வாங்க.

ஆகஸ்ட் கூட்டத்துல சேர்மன் என் மனுவைப் படிச்சார். "சம்மதிக்கறவங்க கையைத் தூக்குங்க."

ஒருத்தரும் அசையல. எல்லார் கண்ணும் காக்கூ மேல. காக்கூ மெதுவா வலது கையைத் தூக்கினாங்க. நெஞ்சைத் தாண்டிச்சு, நெத்தியைத் தாண்டிச்சு. தோள் இருந்த இடத்துலயே இருந்தது. வளையலெல்லாம் சரிஞ்சு முழங்கைக்கு இறங்கிச்சு. நான் எங்கே இருக்கேங்கறதையே மறந்துட்டேன்.

"முழங்கையை மடக்காதீங்க! இன்னும் மேலே!"ன்னு தமிழ்ல ஒரு கத்து கத்தினேன்.

சேர்மன் திடுக்கிட்டுத் திரும்பினார். தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாத காக்கூ, முழங்கையை நீட்டிக் காதோட சேர்த்து வெச்சாங்க. பின்னாடி இருந்த பொம்பளைங்க கையெல்லாம், அதே மாதிரி, முழங்கை மடங்காம எழும்பிச்சு. நான் அழுதுட்டேன்.