புகைபோக்கியும் மணிக்கூண்டும்

பிறந்த ஊருக்குக் கடல் வழியாகப் போகலாம் என்று சொன்னது அவள்தான். பேருந்தில் போனால் நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும். பாய்மரப் படகில் போனால், நகரம் கண்ணில் பட்டதும் மனசு ஒப்பவில்லை என்றால், வந்த வழியே திரும்பிவிடலாம். இதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. காற்று நன்றாக இருக்கிறது, கரையை ஒட்டியே போய்விடலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த நகரத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. அப்பா போன பிறகு இருவரும் சேர்ந்து படகுகளுக்குப் பாய் தைத்துப் பிழைத்தார்கள். கிழிந்த பாயோடு வந்த இந்த மனிதனுடன் இவள் கிளம்பிய அன்று, “இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத” என்றாள் அக்கா. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அக்கா இப்போது துறைமுக வயர்லெஸ்ஸில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.

மதியம் முனையைச் சுற்றியதும் நகரம் தெரிந்தது.

“உன் ஊருதானே, வழி சொல்லு,” என்றான் சுக்கானைப் பிடித்திருந்த கணவன்.

“வழி காட்டுற மிதவையெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு. ஆலைப் புகைபோக்கி மணிக்கூண்டுக்குப் பின்னால மறையற மாதிரி படகைத் திருப்புங்க. நேரா உள்ள போயிடலாம்.”

அவன் அப்படியே செய்தான். கிட்டே நெருங்க நெருங்க அவளுக்குத் தைரியம் கரைந்தது. திரும்பிவிடலாமா என்று கேட்க வாயைத் திறந்த நேரத்தில், படகு சொரசொரவென்று உரசிக்கொண்டு நின்றது. மணல் திட்டு. நீரோ வடிந்துகொண்டிருந்தது.

“நல்ல வழி,” என்றான். “இறங்கி நடந்தே போயிடலாம் போல.”

அலைத் தடுப்புச் சுவரில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. அவன் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

“நான் இருக்கேன்னு சொல்லிடாதீங்க,” என்று கெஞ்சினாள்.

“துறைமுகம், மணல்ல தட்டி நிக்கிறோம். ஆபத்து ஒண்ணுமில்ல.”

“தெரியுது, ஊரே பாக்குது,” என்றது பெண்குரல். அக்காவேதான். “வரிசையா மிதவை போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? எதைப் பாத்து வந்தீங்க?”

கணவனுக்குப் பொய் சொல்ல வராது. “புகைபோக்கியையும் மணிக்கூண்டையும்.”



“அந்தப் புகைபோக்கியை இடிச்சாச்சு. நீங்க பாத்தது புதுசு, வேற இடம்.” குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது. “அது எங்கப்பா போட்டு வச்ச வழிக் கணக்கு. எங்க வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பக்கத்துல இருக்காளா அந்த வாலு?”

அவன் ஒலிவாங்கியை நீட்டினான்.

“அக்கா,” என்றாள்.

“வழியைக் கேட்டுட்டு வந்தா கிரீடம் இறங்கிடுமாடி?”

“நீதானே மூஞ்சியில முழிக்காதன்னு…”

“கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பியா?”

துறைமுகத்துப் படகெல்லாம் கேட்கும் அலைவரிசை அது. “விடுங்கக்கா, அதான் வந்துட்டாங்கல்ல,” என்று குறுக்கிட்டான் எவனோ ஒரு மீன்பிடிப் படகுக்காரன்.

“நீ உன் வலையைப் பாரு,” என்று அவனுக்கும் விழுந்தது.

இவள் படகின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் தாமாகவே தளர்ந்தன.

“தண்ணி ஏறுற வரைக்கும் அங்கயே கிட. இந்தத் தடவை ஓடவும் முடியாது. வேலை முடிஞ்சதும் நானே படகு எடுத்துட்டு வரேன். ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?”

அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த கணவன் ஏதோ சொல்ல வந்தான். அவன் கையைக் கிள்ளிவிட்டு அவள் சொன்னாள்:

“இன்னும் இல்லக்கா.”